காயமில்லாத விரலுக்கு ஒரு கட்டு

என்னோடு சைக்கிளில் காவிரிப் பாலம் கடந்தவனே,

நேற்று மத்தியானம் என் மாப்பிள்ளை ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். எண்களில் ரேடியம் பூசியிருக்கிறதாம். ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு, "இருட்டுல பாருங்கோ மாமா, எப்படி மின்னறது!" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். பச்சையாக ஒரு வெளிச்சம். நம் எக்ஸ்ரே அறைத் திரையில் தினமும் காலையில் பார்த்தோமே, அதே பச்சை. நான் சட்டென்று இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டேன். மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மாமனாருக்கு மானம் முக்கியமில்லையா?

எனக்கு இப்போதெல்லாம் எதைக் கண்டாலும் பயம். பக்கத்து வீட்டில் காலேஜில் பௌதிகம் நடத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். போன வருஷம் ஒருநாள் அவரிடம் எக்ஸ்ரே கதிரைப் பற்றி வாயைக் கொடுத்துவிட்டேன். "அந்தக் கதிர் எங்கதாங்க இல்ல? மலைக்கோட்டைப் பாறையில இருக்கு, காஸ் லைட் மேண்டில்ல இருக்கு, ஆகாசத்துலேருந்தும் வந்துக்கிட்டேதான் இருக்கு. எல்லாம் துளித் துளிதான். அளவுதாங்க விஷயம்" என்றார். தைரியம் சொன்னதாக அவருக்கு நினைப்பு. அன்றிலிருந்து நான் மலைக்கோட்டைப் படியேறினால் சுவரில் சாய்வதில்லை. காஸ் லைட்டின் மேண்டில் வலை எரிந்து உதிர்ந்தால் வீட்டில் யாரையும் கிட்டே விடாமல், மூக்கைக் கட்டிக்கொண்டு நானே ஈரத்துணியால் துடைக்கிறேன்.

அளவு. அந்த வார்த்தையை நமக்கு அப்போது யாருமே சொல்லவில்லையே.

திருச்சிராப்பள்ளியில் அந்த ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் வந்தபோது, அதைத் தொட்ட முதல் இரண்டு பேர் நாம்தான். நீ மெஷினை ஓட்டுவாய். நான் இருட்டறையில் படத்தைக் கழுவுவேன். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்னால், கதிர் விடும் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, எதையாவது திரைக்கு முன்னால் பிடித்து எலும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். "கசாப்புக் கடையிலேர்ந்து ஒரு ஆட்டுக்கால் வாங்கி வச்சுக்கோங்க, அது போதும்" என்றார் பெரிய டாக்டர். நாம் இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்து வீடுகளில் பிறந்தவர்கள். அவர் தலை மறைந்ததும் நீ காதைப் பொத்திக்கொண்டாய். "பெருமாளே! அதைத் தொட்ட கையோட நான் ஆத்துக்குள்ள எப்படிடா நுழைவேன்? நமக்குத்தான் பகவான் ஆளுக்கு ரெண்டு கை கொடுத்திருக்கானே, இதுல இல்லாத எலும்பா?" எனக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது. ஆசாரமும் கெடாது, வேலையும் நடக்கும்.

ஒருநாள் உன் கை, மறுநாள் என் கை என்று முறை வைத்தோம். வலது கை ஸ்விட்சில், இடது கை திரைக்கு முன்னால். உன் மோதிரம் எலும்பைச் சுற்றிக் கறுப்பு வளையமாக மிதக்கும். வைகுண்ட ஏகாதசிக்கு வந்த உன் அத்தங்காள் குடும்பத்தையே கூட்டிவந்து அதைக் காட்டினாய். "எங்க கோவில்லகூட இப்படி ஒரு சேவை கிடையாது" என்று பெருமை வேறு.

முதலில் அரித்தது. பிறகு சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல் தோல் வறண்டு வெடித்தது. எனக்குக் கொஞ்சம், உனக்கு அதிகம். பகலிலும் நீதானே மெஷினடியில் நின்றாய். "எல்லாம் படம் கழுவற மருந்துடா, தேங்காயெண்ணெய் தடவு" என்று சொல்லிவிட்டாய். ஒருநாள் டிபன் பாத்திரத்தை நீ திறந்தபோது உன் நகங்களைப் பார்த்தேன். அடியிலிருந்து நுனிவரை கறுப்புக் கோடுகள். என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பெண் பிறந்து நாலு மாதம். அவளைத் தூக்குகிற கை இது.

மறுநாள் என் முறை. இடது ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தேன். படம் கழுவும்போது கண்ணாடித் தகடு கிழித்துவிட்டது என்றேன். நீ கட்டை ஒரு நிமிஷம் பார்த்தாய். "சரி, ஆறட்டும். உன் முறைக்கும் நானே வைக்கறேன்."

அந்தக் காயத்தை நான் ஏழு மாதம் வளர்த்தேன். வாரம் ஒரு புதுத்துணி, மேலே கொஞ்சம் மஞ்சள். இன்றைக்கு அவிழ்த்துவிடலாம் என்று தினமும் நினைப்பேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் பயம் வந்துவிடும்.

பிறகு உன் விரல் புண்ணானது, ஆறவேயில்லை. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். அன்றே டாக்டர் ஆளனுப்பி ஆட்டுக்கால் எலும்பு ஒன்றை வரவழைத்தார். நான்தான் அதைத் திரைக்கு முன்னால் வைத்தேன். தொடக் கூச்சமாகவே இல்லை. அடுத்து இன்னும் இரண்டு விரல். அப்புறம் அக்குளில் கட்டி. சந்நிதியில் நீ இரண்டு விரல் மிஞ்சிய கையைச் சேர்த்துக் கும்பிட்டபோது, நான் தூணுக்குப் பின்னால் நின்று பெருமாளைச் சேவிக்காமலே திரும்பிவிட்டேன்.

உயிரோடு உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. உன் அகமுடையாள் காபி கலக்க உள்ளே போயிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

"டேய், அந்தக் காயம்..." என்று ஆரம்பித்தேன்.

"காயமே கிடையாது. தெரியும்டா" என்றாய்.

தெரிந்திருந்துமா எனக்காக வைத்தாய் என்று கேட்டேன். நீ தியாகி என்று சொல்லிவிடுவாய், அதைக் கேட்டு அழுதுவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தேன்.

"உனக்காகவாவது! எனக்கும் பயம்தான். என் நகத்தை நீ பார்த்தியே, அன்னிக்கு ராத்திரியே பழைய வேஷ்டியைக் கிழிச்சு நானும் துணி எடுத்து வச்சுட்டேன். மறுநாள் உன் முறை, அதுக்கடுத்த நாள் கட்டிக்கலாம்னு இருந்தேன். நீ ஒருநாள் முந்திண்டுட்டே. ரெண்டு பேரும் கட்டிண்டு நின்னா டாக்டர் சிரிக்கமாட்டாரா?"

அப்போது உன் அகமுடையாள் காபியோடு வந்தாள். நீ மிஞ்சிய விரல்களால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "இவனுக்குச் சர்க்கரை இன்னும் கொஞ்சம் போடு" என்றாய்.

நான் முந்திக்கொண்ட அந்த ஒரு நாளைத்தான் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.