தேடிப் பார்ப்பார் என்றேன்

மறைந்தும் என்னோடு வழக்காடும் மருத்துவ நண்பரே,

திருவள்ளூர்ப் பள்ளியொன்றில் பேச இன்று போயிருந்தேன். ஆய்வறையைக் கடக்கையில், உங்கள் ஆய்வறையில் மூளை ஊறிய அதே பார்மலின் நெடி மூக்கில் ஏறியது. அதன்பின் மேடையில் என்ன முழங்கினேன் என்றே நினைவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. முதியோரின் மூளை ஏன் தேய்கிறது என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தீர்கள். இறந்தவரின் மூளையைப் பார்த்தாலன்றி எதுவும் உறுதியாகாது; எந்த வீட்டாரும் தருவதாயில்லை. "உம்ம தமிழு ஒரு நாளைக்கு எனக்கு வேணும்" என்று என்னை அழைத்துப் போனீர்கள்.

கும்மிடிப்பூண்டிப் பட்டறையொன்றில் இரும்பு உருக்கும் தேவராசுவின் தந்தை அன்று காலைதான் இறந்திருந்தார். இரண்டாண்டாகப் பெற்ற மகனையே யாரென்று கேட்டவர். "உன் தந்தை மறந்தவையெல்லாம் எங்கே போயின என்று இவர் தேடிப் பார்ப்பார்" என்றேன். தேவராசு அழுதபடி தலையசைத்தார். எனக்கோ வெற்றிக் களிப்பு.

மூன்று மாதம் கழித்து, வேலை உடையோடு உங்கள் ஆய்வறைக்கு வந்து நின்றார். நானும் அங்கிருந்தேன்.

"தேடினீங்களா சார்? நைனா மூளையில எம்பேரு இருந்துச்சா?"

நீங்கள் சிரிக்கவில்லை. அவரை நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தீர்கள். நெடுநேரம் பார்த்தார்.

"கறுப்பு கறுப்பா முடிச்சுதான் தெரியுது. எம்பேரு எதுல சார்?"

"தெரியலப்பா. அந்த முடிச்சு வுழுந்த எடத்துல இருந்திருக்கலாம்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனதும் என் பக்கம் திரும்பினீர்கள். "நீரு அலங்காரமா பேசிட்டீரு. அவன் நெசம்னு நம்பிக்கினு இருந்திருக்கான்."

பிறகு என்னை அழைக்கவேயில்லை. தலையைத் திறந்து மூளையை எடுப்போம், திருப்பித் தரமாட்டோம் என்று நீங்களே வீடு வீடாகச் சொன்னீர்கள். ஒருவரும் இசையவில்லை. என் அணிநயம் பெற்றுத் தந்த அந்த ஒற்றை மூளையோடு உங்கள் ஆய்வு நின்றது. யார் செய்தது சரி? அன்றும் விளங்கவில்லை எனக்கு.

எழுபதுகள் முடியுமுன் நீங்களும் போய்விட்டீர்கள். உங்கள் துணைவியார் ஒரு தாளை நீட்டினார். "மூளைய எடுத்துக்கட்டும்னு எழுதி வெச்சிருக்காரு. எனக்கு மனசு வரலண்ணா. நீங்க சொன்னா சரி."

அவரை இசைய வைக்க ஒரே சொற்றொடர் போதும். அது என் நாவின் நுனியில் இருந்தது. தேவராசுவின் முகம் குறுக்கே வந்தது.

"உங்க விருப்பம்மா" என்றேன்.

மாலையில் உங்களை முழுதாகவே எரித்தார்கள். அன்று நான் காத்தது நேர்மையா, இழைத்தது இரண்டகமா என்று தெளியாமலே ஒவ்வொரு மேடையும் ஏறுகிறேன்.