சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள்

ஜாலான் புசார்
ஆகஸ்ட் 1988

அன்பு மகளே,

என்னைக் கேட்காமலே அம்மாவை முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்துவிட்டு நீ பெர்த்துக்குப் போய்விட்டாய். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவளை நான்தானே பார்த்துக்கொண்டேன்? அந்த இடத்தை மூடவைக்க அன்றே மனு எழுதினேன்.

முதியோர் இல்லங்களுக்குப் புதுச் சட்டம் வருகிறதே, அதில் இதைப் பிடிக்கலாம் என்று சமூகநல அலுவலகத்துக்குப் போனேன்.

“ராத்திரி தங்கினாத்தான் ஐயா அது இல்லம். சாயங்காலம் வீட்டுக்குப் போயிட்டா சட்டத்துல வராது லா” என்றார் அங்கிருந்த தம்பி.

“அப்போ பகல்ல விழுந்தா எலும்பு உடையாதா?” என்றேன்.

குறையை நானே கண்டுபிடிக்க நேற்று சொல்லாமல் நிலையத்துக்குப் போனேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கூடத்தில் அம்மாவும் ஒரு சீனக் கிழவியும் மலாயில் என்னவோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. “இங்கயும் வந்துட்டீங்களா? வீட்டுக்குப் போங்க” என்றாள்.

மனுவை நான் விடவில்லை. மூடச் சொன்ன வரியை மட்டும் அடித்துவிட்டு, பகலுக்கும் சட்டம் வேண்டும், கம்பி வேண்டும் என்று எழுதி இன்று அனுப்பினேன்.

அந்தக் கிழவி அப்படி என்னதான் சொன்னாள்? அம்மாவிடம் கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நீ மெதுவாகக் கேட்டு எனக்கு எழுது.

இன்னும் உன்மேல் கோபமாக இருக்கும்
அப்பா