நம் வீட்டையே தடை செய்த சர்வர்

மகாராணிக்கு,

உன் பாஸ்வேர்டு சரிதான். "அதைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?" என்று கத்திவிட்டு, உன் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடித்த மேதாவி நான்தான். உன் ஆபீஸ் சர்வர், யாரோ திருடன் நுழையப் பார்க்கிறான் என்று பயந்து, நம் வீட்டு நெட்டையே தடுத்துவிட்டது. இனி இங்கிருந்து எதை அடித்தாலும் திறக்காது.

அதனால் என் போனை விட்டுப் போகிறேன். அதன் நெட்டில் நுழைந்து, மதியத்துக்குள் வரைபடங்களை அனுப்பிவிடு. அந்த வேலை வேறு யாருக்கும் போகக் கூடாது.

சோறு மூடியிருக்கிறது.

அம்மா கூப்பிட்டால் நான் குளிக்கிறேன் என்று சொல். மறுபடி கூப்பிட்டாலும் இன்னும் குளிக்கிறேன்.

பி.கு.: ராத்திரி நீ அழுதது கேட்டது. எழுந்து வர வெட்கம்; படுத்திருக்கவும் முடியவில்லை.

இன்னொன்று: வீட்டுச் சாவியும் உன்னிடம்தான். சாயங்காலம் மணியடிப்பேன். நீயாவது முதல் தடவையே திறந்துவிடு.