புறாப் பெட்டியும் என் கையும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் அத்தானின் முழங்கால் வலி இப்போது தேவலை. நான்தான் சரியில்லை. முந்தாநாளிலிருந்து கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன். காரணத்தைப் போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் மகளின் கல்யாண மண்டபம் பார்த்தாயிற்று. தண்ணீர் வசதி பரவாயில்லை. மின்விசிறிகள் முனகுகின்றன, மாற்றித் தருகிறார்களாம். தையற்காரர் வழக்கம்போல் நாளைக்கு நாளைக்கு என்கிறார்.

மேடையில் வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிட வேண்டும், முதல் பெட்டியை அத்தைதான் திறக்க வேண்டும் என்று உன் மகள் ஆசைப்பட்டாளே, நீ ஏற்பாடு செய்த அந்தப் புறாக்காரனின் கொட்டகைக்கும் போனேன்.

அங்கே வெள்ளைப் புறாவே இல்லையடா. மாடிகளில் வலைபோட்டுப் பிடித்த சாம்பல் புறாக்கள். கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிற மெஷினால் அவற்றின் மேல் வெள்ளை அடிக்கிறார்கள். ஒன்றுக்கு இமையே ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் ஒருவன் டீயைக் குடித்துக்கொண்டே ஒரு பக்கச் சிறகை மட்டும் நறுக்குகிறான். ஏன் என்று கேட்டேன். தூரமா போயிடக் கூடாதும்மா, பின்னாடி நம்ம ஆளுங்க சாக்கோட நிப்பாங்க, அடுத்த கல்யாணத்துக்கு வேணும்ல என்றான். மேடைக்குக் கொண்டுபோகும்வரை ஐஸ் பெட்டியில் வைப்பார்களாம். குளிர்ல கம்முனு கிடக்கும், மேடையில அசிங்கம் பண்ணாது என்று பெருமை வேறு. இதைவிட அசிங்கம் என்ன இருக்கிறது?

ஒத்திகை பாருங்கம்மா என்று ஒரு பெட்டியை என் கையில் திணித்தான். திறந்தேன். புறா வெளியே வரவில்லை. அவன் பெட்டியைக் கவிழ்த்து, டப்பாவில் ஒட்டிய மாவைத் தட்டுவதுபோல் அடியில் தட்டினான். அது என் காலில் வந்து விழுந்தது.

உன் மகளிடம் போனில் சொன்னேன். அத்தே, வீடியோவுல மூணு செகண்டுதான் வரும், யாருக்குத் தெரியப்போவுது என்கிறாள். அவளைச் சொல்லி என்ன? அழைப்பிதழில் 'சிறகுகளுக்கு விடுதலை' என்று அச்சடிக்கச் சொன்னவன் நீ. அந்த வரியைப் பார்த்தாலே காறித் துப்பத் தோன்றுகிறது.

என் காலில் விழுந்த அந்தப் புறாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். குளியலறையில் இருக்கிறது. உன் அத்தான் பஞ்சில் எண்ணெய் தொட்டு அதன் கண்ணைத் துடைக்கிறார். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறோம். புறா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது.

தம்பி, அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடு. புறாப் பெட்டி மேடையேறினால் நான் ஏறமாட்டேன். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்த கை இது. அவள் தலையில் வைத்து வாழ்த்தவாவது இதைச் சுத்தமாக விட்டுவை. எத்தனை தடவை கழுவியும் நகக்கண்ணில் அந்த வெள்ளை இன்னும் போகவில்லை.

அவள் நன்றாக இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா