அரைப்புள்ளி

கண்டனூர்,
4.8.2025

தம்பி லட்சுமணனுக்கு தேனம்மை எழுதுவது. நலம், அங்கும் நலம்தானே? போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வருகிறது. அதனால்தான் கடிதம்.

மகள் சௌபர்ணிகாவுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்கு உதவும் அறக்கட்டளையிலிருந்து இருவர் வந்து, தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்த்தார்கள். "இம்புட்டுப் பெரிய வீட்ல இருக்கீக, ஒங்களுக்கு எதுக்கு ஆச்சி உதவி?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள். இத்தனை பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் எனக்கு உள்ளது ஒழுகும் ஓர் அறைதான் என்று சொன்னது காதில் ஏறவில்லை.

உங்கள் அண்ணன் போனபின் தேன்குழல் பிழிந்து விற்றுத்தான் நானும் மகளும் சாப்பிடுகிறோம். நீங்கள் பொருளாதாரப் பேராசிரியர். நாங்கள் ஏழைகள் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். இந்த மாதம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

அன்புடன்,
தேனம்மை

சென்னை,
12.8.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

சௌபர்ணிகாவுக்கு வாழ்த்துகள். ஆனால் நம் வீட்டிலிருந்து ஏழை என்று எழுதலாமா? நாளை அவளுக்கு வரன் பார்க்க வேண்டாமா? நம் பக்கம் சராசரி வருமானம் உயர்ந்துவருகிறது. புள்ளிவிவரத்தோடு எழுதிய என் கட்டுரையை இணைத்துள்ளேன். வளர்ச்சி மெல்ல எல்லோரையும் எட்டும்.

வீட்டை ஹோட்டலுக்கு விட மற்ற பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டோம். உங்களுடையதுதான் பாக்கி. அறையைக் காலி செய்தால் அங்கேயே சமையல் வேலையும் தருவார்களாம்.

பிரியமுள்ள,
லட்சுமணன்

கண்டனூர்,
29.8.2025

தம்பிக்கு,

கட்டுரையைப் படித்தேன். உங்கள் சம்பளத்தையும் என் தேன்குழல் காசையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நானும் வசதிக்காரிதான். அந்தச் சராசரியைக் கல்லூரியில் வாங்கிக்கொள்வார்களா? எரிச்சலாக வருகிறது.

உங்கள் அண்ணன் இருந்தவரை கோயில் வரிக் கணக்கில் தம்பதியாக நாங்கள் ஒரு புள்ளி. அவர் போனதும் விதவை நான் அரைப்புள்ளி. கையெழுத்துக்கு மட்டும் முழுப்புள்ளியா? உங்கள் புள்ளிவிவரத்தில் நான் எந்தப் புள்ளி?

அறக்கட்டளைக்கு நானே போனேன். நம்மவர்கள் நாலு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். "நாங்க ஏழைதான். வந்து எங்க அடுப்பைப் பாருங்க, தூணைப் பாக்காதீக" என்று சத்தமாகவே சொன்னேன். வந்து பார்த்தார்கள். கட்டணம் கட்டியாயிற்று.

கையெழுத்துப் போட மாட்டேன். ஹோட்டல் வருவதானால் என் அறையைச் சுற்றி வரட்டும். உங்கள் சிநேகிதர்களோடு நீங்களும் தங்க வருவீர்கள். நடுவே அடுப்புப் புகையில் நிற்பது யாரென்று அவர்கள் கேட்டால், என் அண்ணன் மனைவி என்று சொல்லுங்கள். சொல்ல வாய் வராதென்றால், வர வேண்டாம்.

இப்படிக்கு,
தேனம்மை