பாலத்தில் நின்றுபோகும் வண்டி

அன்பு மகள் சிக்னேவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தத் தூர தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் வெலிங்டனில் இப்போது இலை உதிர ஆரம்பித்திருக்கும், இங்கே போன வாரம்தான் நல்ல மழை பிடித்து, குளிர்காலம் முழுக்கப் பனி உருகச் சாலையில் கொட்டிவைத்திருந்த உப்பைக் கழுவிவிட்டுப் போனது. வண்டியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு போய்விட்டால் உன் அப்பாவைக் கையால் பிடிக்க முடியுமா, மறுநாள் விடிந்ததும் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிவிட்டார். வண்டி பிரமாதமாக ஓடுகிறது, ஜூன் மாதம் நானே படகுத்துறைக்கு வந்து உன்னை ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று போனில் உன்னிடம் சொன்னாரே, அன்றைக்கு அது பச்சைப் பொய். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நவம்பரில் நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இவரோ மாடிப்படி இறங்குவதற்கும் என் முகத்தைப் பார்க்கிறார். உன்னை வழக்கம்போல வண்டியில் கூட்டிவர வேண்டும் என்ற ஆசை ஒன்றைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார், அந்த நேரம் பார்த்து வண்டி சண்டித்தனம் செய்தது. முற்றத்தில் ஒரே உதையில் கிளம்பும், பாலம் வரைக்கும் ராஜா மாதிரி போகும், பாலத்தின் மேல் ஏறியதும் இருமி இருமி நின்றுவிடும், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்பும், வீடு வருவதற்குள் இன்னொரு தடவை நிற்கும். பழைய பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும் என்று எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி என் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒவ்வொரு பொடித் துளையையும் ஊதி ஊதிச் சுத்தம் செய்தார். பிளக் மாற்றினார், பெட்ரோல் வடிகட்டி மாற்றினார், மறுபடியும் அதே பாலம், அதே இருமல். பக்கத்து வீட்டு ஓட்வார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு ஆஸ்முண்ட், வண்டிக்கும்தான்" என்று சொல்லிவிட்டு ஹிஹி என்று சிரித்தார். நல்ல மனுசர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கு வாஃபிள் சுட்டுக் கொடுத்த கையாலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது எனக்கு.

சனிக்கிழமை மறுபடி பாலத்திலிருந்து போன் வந்தது. கட்டி இழுக்கக் கயிறும் பிளாஸ்கில் காபியும் எடுத்துக்கொண்டு காரில் போனேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பாலத்துத் தடுப்புக் கம்பியில் உட்கார்ந்திருந்தார், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வித்துடலாம் குன்வோர். இதையும் நம்ப முடியல, என்னையும் நம்ப முடியல. நம்ம பொண்ண நீயே கார்ல போய்க் கூட்டிட்டு வந்துடு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டியை நான் திட்டாத திட்டு இல்லை, அவர் வெளியே போனால் திரும்பும் வரை ஜன்னலை விட்டு நகரமாட்டேன், அன்றைக்கு அது ஓடமாட்டேன் என்கிறதே என்று ஆத்திரம் வந்தது. காபியைக் கொடுத்துவிட்டு, "டக்குனு நின்னுச்சா, இல்ல மூச்சு முட்டுன மாதிரி நின்னுச்சா" என்று கேட்டேன். "மூச்சு முட்டுன மாதிரி" என்றார். எனக்குச் சட்டென்று என் மீன்பிடிப் படகு ஞாபகம் வந்தது. படகு எஞ்சினின் பெட்ரோல் டாங்கி மூடியில் காற்றுத் திருகு இருக்கிறதே, அதைத் தளர்த்த மறந்துவிட்டால் கலங்கரை விளக்கப் பாறை வரை போய் இப்படித்தான் நிற்கும். இந்தத் தீவில் அதை மறக்காதவர் யார், நான் மறந்து நடுக்கடலில் நின்றதற்கு உன் அப்பா ஊரைக் கூட்டிக் கேலி செய்தவர்தானே. "மூடியத் திற ஆஸ்முண்ட்" என்றேன். "பெட்ரோல் ரொம்பி இருக்கு, அதுல என்ன பாக்கப் போற" என்றார். "எதையும் பாக்க வேணாம், திற." திறந்தார், டாங்கி உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு இழுத்தது. உதைத்தார். உடனே கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் காற்றுத் துளை அடைத்துக் கிடக்கிறது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை, பிறகு பெட்ரோல்தான் எப்படி இறங்கும். என் தையல் ஊசியால் கிளறினேன், வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது, மெழுகு. அப்பாவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. புயலில் கொட்டகையின் கூரை பறந்ததால் இந்தக் குளிர்காலத்தில் வண்டியைத் துணி துவைக்கும் அறையில் வைத்திருந்தோம், பெட்ரோல் வாடை சமையலறை வரைக்கும் வந்தது, நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்தினேன். "வண்டி இருக்கணும் இல்ல நான் இருக்கணும்னு நீதானே சொன்ன, அதான் வாடை வராம அந்தத் துளையில மெழுகுவத்திய சொட்டவிட்டு அடைச்சேன், அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போனதுல மறந்தே போச்சு" என்று அசடு வழிந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்குப் பயந்து செய்த காரியத்துக்காகப் பாவம் இத்தனை நாள் தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

உடனே தனியாகக் கிளம்பிவிட்டார். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் பாலத்தில் ஏறியது, இறங்கியது, நிற்காமல் தேய்ந்து மறைந்தது. திரும்பி வரும்போது துறைமுகக் கடையின் இலவங்கப்பட்டை பன் இரண்டு சட்டைப் பையில் நசுங்கிக் கிடந்தது, துறை வரை போய்வந்ததற்கு அத்தாட்சியாம். மெழுகு விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாதென்று எனக்கு உத்தரவு, அதனால் நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே கண்ணே. வரும்போது கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும், ஜூன் என்று நம்பி மெல்லிய சட்டையோடு வந்து இறங்காதே. நீ நல்லபடியாக வந்து சேர எங்கள் இருவருடைய ஆசியும் உன்னோடு இருக்கும். ஒன்று மட்டும் மறக்காதே. அப்பா இளைத்திருக்கிறார், தோல் சட்டை தோளில் தொங்குகிறது, ஹெல்மெட் வாரை மாட்ட முன்பைவிட நேரம் பிடிக்கிறது. துறையில் அதைப் பார்த்ததும், நான் ஓட்டட்டுமா அப்பா என்று உன் வாய் வரை வரும். கேட்டுவிடாதே. பின்னால் ஏறி உட்கார்ந்து அவரை இறுகப் பிடித்துக்கொள்.

உன் வரவை எண்ணிக் காத்திருக்கும்
அம்மா குன்வோர்