அண்ணியின் வாயோரம்

ஜூன் 4

கண்காட்சிப் படத்துக்கு உட்கார ஒப்புக்கொண்டிருந்த தபால்காரர் காலை உடைத்துக்கொண்டார். போட்டோவைப் பார்த்து வரைந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்; ஆள் வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது அண்ணி மட்டும்தான். கேட்டேன். அண்ணன் முறைத்தான்.

அண்ணிக்கு முகத்தின் இடப்பக்க நரம்பு செயலிழந்து இரண்டு மாதமாகிறது. இடது கண் முழுதாக மூடுவதில்லை, வாயோரம் தொங்குகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், விடுப்பில் இருக்கிறார். பெரும்பாலும் தானாகச் சரியாகும், சிலருக்கு இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தச் சிலரில் தானும் ஒருத்தி என்று அண்ணி முடிவே கட்டிவிட்டார்.

"வாய் கோணலா இருக்கு அண்ணி. அப்படியேதான் வரைவேன்" என்றேன்.

"வரையேண்டா. எல்லாரும் என் காதைப் பார்த்துத்தான் பேசுறாங்க. நீயாவது மூஞ்சியப் பாரு."

ஜூன் 6

மாடி அறை. வடக்கு ஜன்னல், சீரான வெளிச்சம். நாற்காலிக் கால்கள் நகராதபடி தரையில் சுண்ணக்கட்டியால் குறி போட்டேன், என் செருப்புக்கும் சேர்த்து. இன்று கரிக்கோட்டில் வெறும் அளவுப் படம். தூரிகைக் காம்பை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கண்ணோரத்திலிருந்து வாயோரம் வரை இரண்டு பக்கமும் அளந்தேன். இடப்பக்கம் தெளிவாக நீளம்.

"என்னடா, துணிக்கடைக்காரன் மாதிரி அளக்குற?"

"பேசாதீங்க, தாடை ஆடுது."

ஜூன் 11

கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் தொடங்கினேன். நெற்றி, கன்னம் நன்றாக வந்திருக்கின்றன. அண்ணி உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இரண்டு தடவை எழுப்பினேன்.

ஜூன் 19

வாய் பொருந்தவில்லை. கத்தியால் சுரண்டி எடுத்தேன்.

ஜூன் 23

மறுபடி போட்டேன், மறுபடி தப்பு. போன தடவை கச்சிதமாக வரைந்த வாயோரம் இன்று அண்ணியின் முகத்தில் இருப்பதைவிடத் தாழ்ந்து நிற்கிறது. பொறுமை போய்விட்டது. "ஆடாதீங்க அண்ணி! சின்னப் பிள்ளையா நீங்க?"

"டேய், நான் மூச்சுகூட விடல. போய் கரண்ட் கம்பத்தை வரை, அது ஆடாது!"

ஐந்து வருடம் ஓவியம் படித்தவன். ஒரு வாயோரத்தை அளக்கத் தெரியவில்லையா எனக்கு?

ஜூன் 26

மூன்றாவது தடவை சுரண்டினேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னடா, என் பொண்டாட்டிக்கு வாயே இல்லை? இதையே மாட்டிடலாம், வீடு அமைதியா இருக்கும்" என்றான். அண்ணி தலையணையை எறிந்தார். குறி தப்பவில்லை.

ஜூன் 27

தலை சாய்ந்திருந்தால் எல்லாமே அல்லவா நகர்ந்திருக்க வேண்டும்? மூக்கு, காது, வலப்பக்க வாயோரம் எல்லாம் முதல்நாள் கரிப்படத்தோடு சரியாக நிற்கின்றன. இடது வாயோரம் மட்டும் மேலே போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மேலேதான். ஒரு தடவைகூடக் கீழே இல்லை.

என் கை தப்பவில்லை. முகம்தான் மாறுகிறது.

சொல்லலாமா? தப்பாக இருந்துவிட்டால்? நம்ப வைத்துக் கெடுப்பதற்கு நான் யார்?

ஜூன் 28

வண்ணத்தைத் தொடவே இல்லை. வெறுமனே அளந்தேன், திரும்பத் திரும்ப. அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னடா, இன்னைக்குத் திட்டவே இல்ல?"

ஜூன் 30

சொல்லிவிட்டேன். கரிப்படத்தை அண்ணி மடியில் வைத்து, காம்பால் அளந்து காட்டினேன்.

அண்ணி தன் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "உங்கண்ணன் சொன்னா நம்பமாட்டேன். தேறிடுச்சு தேறிடுச்சுன்னு தினமும் சொல்றாரு. நீ என் கல்யாண மேடையிலேயே வந்து மேக்கப் திட்டுத்திட்டா இருக்குன்னு சொன்னவன்."

"இருந்துச்சே."

"இருந்துச்சுடா" என்றார். அழுதார். நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூலை 2

டாக்டர் பார்த்தார். நரம்பு உயிர் பிடிக்கிறதாம்; இன்னும் சில வாரம் ஆகும், ஆனால் வரும் என்றாராம். "இவ்வளவு சின்ன மாற்றம் கண்ணாடியில தெரியாதே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கொழுந்தன் திட்டினான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஜூலை 15

கண்காட்சிக்குக் கடைசி நாள். எந்த வாயைப் போடுவது? போன வாரத்தினுடையதா, இன்றையதா? இன்றையது நாளைக்கே பொய்யாகிவிடும். அனுப்பவில்லை.

அண்ணன் என்னைவிட வருத்தப்பட்டான். எனக்கு வருத்தமே இல்லையா? இருக்கிறது. ஒரு மணி நேரம் இருந்தது.

ஆகஸ்ட் 12

அண்ணி மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய், புடவை முழுக்கச் சாக்பீஸ் தூளோடு வந்தார். நாள் பூராவும் பாடினாராம். பிள்ளைகள் போகவே விடவில்லையாம்.

வாயை முடித்துவிடலாம் என்று மாடிக்குக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். நான் வண்ணம் பிதுக்கித் திரும்புவதற்குள் தூங்கிவிட்டார்.

இரண்டு கண்ணும் மூடியிருந்தன. முழுதாக.

தூரிகையைக் கீழே வைத்தேன். மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கி வந்தேன்.